எஞ்சினின் ஓசையும் எண்ணெயின் கடமையும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை வேகத்தின் வரலாறு என்றே பலரும் கருதுவர். அதனுள் மற்றொரு வரலாறும் அடங்கியிருக்கிறது. அஃது ஓசையை அடக்கிய வரலாறு. எஞ்சினின் தலைப்பாகத்தில் ‘டிக், டிக்’ என்று எழும் சத்தத்தை ஒழிப்பதற்கு அறிஞர்களும் தொழிலாளர்களும் பல தலைமுறை பாடுபட்டிருக்கிறார்கள். அதனை அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று. பிழைப்பின் பொருட்டு ஹைதராபாத்துக்கும் சிக்கந்திராபாத்துக்கும் வந்து தங்கியுள்ள நம்மவரிற் பலர் வாடகைக் கார் ஓட்டுகின்றனர். பலர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கின்றனர். பழைய வண்டியொன்றை விலைக்கு வாங்கியவர் ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், ஒரு மாத வருமானம் போயிற்றே என்று திகைக்கிறார். சத்தம் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்தவர் அவ்வளவு விரைவில் திகைக்க வேண்டியதில்லை.

முதலில் அதன் பிறப்பிடத்தைப் பார்ப்போம். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வாயில்கள் உண்டு. எரிபொருளும் காற்றும் உட்புக ஒரு வழி. எரிந்த புகை வெளியேற ஒரு வழி. இவ்வழிகளைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். முட்டை வடிவான கேம் என்னும் உறுப்பு சுழலும்போது, தன் மீது அமர்ந்திருக்கும் டப்பெட்டை உயர்த்துகிறது; டப்பெட் வால்வைத் திறக்கிறது; வில் அதனை மீண்டும் மூடுகிறது. நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்திற்கு 1500 தடவை, அதாவது ஒரு விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

உலோகம் சூடேறினால் நீளும். வால்வுக்கும் டப்பெட்டுக்கும் இடையே சிறிதும் இடைவெளி இல்லையெனில், சூடேறி நீண்ட வால்வு முழுவதும் மூடாது. அவ்வழியே நெருப்பு ஒழுகி வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். ஆகவே வேண்டுமென்றே சிறிது இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியைக் கடந்து உலோகம் உலோகத்தைத் தட்டும் ஓசைதான் நாம் கேட்கும் டப்பெட் சத்தம். பழைய எஞ்சின்களைப் பற்றி மெக்கானிக்குகளிடையே ஒரு வழக்கு உண்டு: சத்தமிடும் டப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டப்பெட்டுக்கு அஞ்ச வேண்டும் என்பார்கள். இடைவெளி அற்றுப்போனால் வால்வு கருகும் என்பதே அதன் பொருள்.

இந்த ஓசையை முதலில் வெறுத்தவர்கள் செல்வந்தர்கள். குதிரை வண்டியின் அமைதிக்குப் பழகிய அவர்களுக்கு மோட்டாரின் தட்டொலி பொறுக்கவில்லை. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி 1907-இல் தன் கார் ஒன்றுக்கு ‘சில்வர் கோஸ்ட்’, அதாவது வெள்ளி ஆவி, என்று பெயரிட்டது. ஆவியைப் போல் அரவமின்றி வரும் என்பது அப்பெயரின் குறிப்பு. அவ்வகைக் கார் ஒன்று ஹைதராபாத்துக்கும் வந்தது. ஆறாவது நிஜாமாகிய மகபூப் அலி கான் அதற்கு ஏற்பாடு செய்தார். ஆனால் 1911 ஆகஸ்டில் அவர் காலமானார். சிம்மாசனக் கார் என்று பெயர் பெற்ற அந்த மஞ்சள் நிற வண்டியைச் சௌமஹல்லா அரண்மனைக்குச் செல்வோர் காணலாம். அந்த எஞ்சினின் அமைதிக்குத் தனி மாயம் எதுவும் இல்லை. கூரிய கைத்திறனே அதற்கு ஒரு முக்கிய காரணம்.

வேறு சிலர் வால்வையே ஒழித்துவிட முயன்றனர். அமெரிக்கரான சார்லஸ் நைட் என்பவர் வால்வுக்குப் பதிலாகச் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் உறைகளை அமைத்தார். இங்கிலாந்தின் டெய்ம்லர் கம்பெனி 1909 முதல் தன் கார்களில் அதனைக் கையாண்டது. ஓசை அடங்கிற்று, ஆனால் அந்த எஞ்சின்கள் எண்ணெயைப் பெரிதும் குடித்தன, சென்ற வழியெல்லாம் நீலப் புகை விட்டன. அமைதிக்கு விலையாக எண்ணெய் கேட்கப்பட்டது. இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னர் இதுவே வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது.

செல்வந்தரின் காரைப் பற்றிச் சொன்னோம். பொதுமக்களின் வண்டி ஹைதராபாத்தில் எப்போது வந்தது? நிஜாம் சமஸ்தான ரயில்வேயின் ஒரு கிளையாக, சாலைப் போக்குவரத்து இலாகா 1932-இல் தொடங்கப்பட்டது. அப்போது அதனிடம் இருந்தவை 27 பஸ்கள். பணியாளர் 166 பேர். ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட ஆல்பியன் பஸ்கள் அத்தொடக்க காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை. 1958-இல் தோன்றிய ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கும், அதிலிருந்து பிரிந்த இன்றைய தெலங்கானாக் கழகத்துக்கும் வேர் இதுவே.

இந்த எண்ணிக்கையைச் சற்றே கவனிக்க வேண்டும். ஒரு பஸ்ஸுக்கு ஏறக்குறைய ஆறு பேர். ஓட்டுநர், கண்டக்டர், கணக்கர் போக எஞ்சியோர் இயந்திரத்தைப் பேணுவோர். அக்காலத்து எஞ்சினுக்கு அத்தனை கை வேண்டியிருந்தது. கோளாறு வரும்வரை காத்திராமல், ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு இயந்திரத்தைப் பரிசோதிப்பது ரயில்வேக்காரரின் வழக்கம். பேணுதல் என்பது கைவேலையாக இருந்த அந்நாளில், டப்பெட் சரிசெய்வது அதில் ஒரு முறைப்பாடான பகுதி. மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆகிய பீலர் கேஜை இடைவெளியில் நுழைத்து, திருகைத் திருப்பி, பூட்டு நட்டை இறுக்குவார்கள். தகடு இறுக்கமாகவும் இருத்தல் கூடாது. தளர்வாகவும் இருத்தல் கூடாது. நல்ல மெக்கானிக்கின் விரல் அந்த வேறுபாட்டை அறியும்.

வங்காளத்தில் உத்தர்பாராவில் உற்பத்தியாகி 2014 வரை வந்துகொண்டிருந்த அம்பாஸடர் கார் இந்தக் கைவேலைக் காலத்தின் பிள்ளை. அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு வால்வு இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.38. நம்மவரிற் பலர் டாக்ஸித் தொழிலைக் கற்றது இந்த வண்டியில்தான்.

இனி, வரலாறு திரும்பிய இடத்திற்கு வருவோம். இடைவெளியை மனிதன் கையால் சரிசெய்வதற்குப் பதிலாக எஞ்சினே தனக்குத்தான் சரிசெய்துகொள்ள இயலாதா என்ற கேள்வி எழுந்தது. பிரான்ஸில் அமெடே பொலே என்பவர் 1910-ஆம் ஆண்டளவில் இதற்கு ஒரு வழி காட்டினார். பெரிய அளவில் அதனைக் கொண்டு வந்தது அமெரிக்காவின் கேடிலாக் கம்பெனி. 1930-இல் வெளிவந்த அதன் பதினாறு சிலிண்டர் எஞ்சினில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு ஒன்று வால்வின் ஓசையை அடக்கிற்று. அதிலிருந்து வளர்ந்ததே ஹைட்ராலிக் டப்பெட்.

அதன் வேலை எளிது. டப்பெட்டின் உள்ளே ஒரு சிறு குழி. அதில் ஒரு சிறு பிஸ்டன். அதன் அடியில் ஒரு வழி மட்டும் திறக்கும் சிறு குண்டு. எஞ்சின் பம்பு அனுப்பும் எண்ணெய் குழியினுள் புகுந்து பிஸ்டனை மேலே தள்ளி இடைவெளியை நிரப்புகிறது. கேம் அழுத்தும்போது குண்டு வழியை அடைத்துக்கொள்கிறது. அகப்பட்ட எண்ணெய் அமுங்காது. ஆகையால் அது இரும்புத் துண்டைப்போல் நின்று வால்வைத் திறக்கிறது. உலோகம் நீண்டால் சிறிது எண்ணெய் கசிந்து இடம் விடுகிறது. சுருங்கினால் மீண்டும் புகுந்து நிரப்புகிறது. பீலர் கேஜுக்கும் திருகுக்கும் அங்கே வேலை இல்லை.

நாம் கவனிக்க வேண்டியது இதுவே: மெக்கானிக்கின் விரல் சுமந்த பொறுப்பு அன்று முதல் எண்ணெயின் மீது ஏறிற்று. அதற்கு முன் எண்ணெயின் கடமை உராய்வைக் குறைப்பதும் சூட்டை வாங்குவதுமே. இப்போது அஃது எஞ்சினின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. உறுப்பு கெட்டால் ஓசை எழும் அன்றோ? ஹைட்ராலிக் டப்பெட் சத்தமிடும்போது பெரும்பாலும் குற்றவாளி இரும்பு அன்று, எண்ணெயே.

இம்மாற்றம் சென்னைக்கும் வந்தது. திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்பீல்டு தொழிற்சாலையின் புல்லட் மோட்டார் சைக்கிளை அறியாத தமிழர் இல்லை. ஹைதராபாத் வீதிகளிலும் அதற்குக் குறைவில்லை. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அழுத்தக் கட்டத்தில் பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்து, புஷ்ராடைக் விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. 2009-ஐ ஒட்டி வந்த, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக அமைந்த புல்லட் எஞ்சின்களிலோ ஹைட்ராலிக் டப்பெட் புகுந்தது. பெயர் ஒன்று, பேணும் முறை வேறு. பழையதில் திருகைத் திருப்பிய பழக்கத்தால் புதியதிலும் திருகைத் தேடுபவர் ஏமாற்றமே அடைவர். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, எண்ணெய் எப்படி இருக்கிறது என்பதே.

எண்ணெய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் 1911-இல் எண்ணெயின் தடிப்பை எண்களால் வகுத்தது. டப்பாவின் மீது ‘எஸ்.ஏ.இ.’ என்று காணும் எழுத்துக்கள் அச்சங்கத்தின் பெயரே. எண் உயர்ந்தால் எண்ணெய் தடிப்பு. குளிரில் எண்ணெய் இறுகும், சூட்டில் நீர்த்துப்போகும். ஆகவே பருவத்துக்கு ஒன்றாக எண்ணெய் மாற்றுவது அந்நாளைய வழக்கம். சூட்டிலும் மிகவும் நீர்த்துப்போகாத கலப்பு எண்ணெய்கள் 1950-களில் பரவின. 10டபிள்யூ-30 என்ற குறியில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. முன் எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின் எண் சூடேறிய எஞ்சினில் அதன் தடிப்பையும் காட்டும்.

மருந்துச் சரக்கைப்போல் எண்ணெயில் பல பொருள்களும் சேர்ந்தன. கரியைக் கரைத்துத் தாங்கிநிற்கும் சலவைப் பொருள்கள் 1930-களில் டீசல் எஞ்சின்களுக்காக வந்தன. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கூட்டுப்பொருள் 1940-களில் வந்தது. பிற்காலத்தில், புகையைச் சுத்தப்படுத்தும் கருவி கெடாதிருக்க, அக்கூட்டிலுள்ள பாஸ்பரஸின் அளவைக் கார் எண்ணெய்களில் குறைத்தார்கள். பழைய தட்டையான டப்பெட் கொண்ட வண்டி வைத்திருப்போர் இதனை அறிதல் நலம். விலை மிகுந்த புத்தம்புது எண்ணெயே பழைய எஞ்சினுக்கும் சிறந்தது என்று கொள்வதற்கில்லை. மோட்டார் சைக்கிளில் அதே எண்ணெயில் கிளட்சும் நனைகிறது. ஆகையால் அதற்கு ‘ஜாஸோ எம்.ஏ.’ என்ற குறியுள்ள எண்ணெயே ஏற்றது. காருக்கென்று செய்த வழுவழுப்பான எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

ஹைதராபாத்தின் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அதைக் கண்டு, தடித்த எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று சொல்வோர் உண்டு. சத்தம் சில நாள் அடங்கவும் கூடும். ஆனால் ஹைட்ராலிக் டப்பெட்டின் துளைகள் நுண்ணியவை. தடித்த எண்ணெய் காலையில் அங்கே சென்று சேரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் கேமும் டப்பெட்டும் தேயும். வண்டியின் கைப்புத்தகம் எந்த எண்ணைக் குறிக்கிறதோ அதுவே முதல் வழிகாட்டி.

இனி எரிபொருள். இங்கே ஹைதராபாத்துக்குச் சுவையான ஒரு பழைய தொடர்பு உண்டு. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பது நம் பழமொழி. தெலுங்கர் இப்ப என்றும், வடநாட்டார் மஹுவா என்றும் கூறும் அந்த மரம் தெலங்கானாக் காடுகளில் மிகுதி. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில், பெட்ரோலுக்கு மாற்றாகச் சாராயத்தை மோட்டாரில் எரிக்கலாமா என்று பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதிலும் ஆராய்ந்தார்கள். ஹைதராபாத் சமஸ்தானத்தின் இலுப்பைப் பூவிலிருந்து, உள்ளூர்த் தேவை போக, ஆண்டுக்கு 7,00,000 காலன் சாராயம் எடுக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பின்னர் 1937-இல் போதனில் நிஜாம் சர்க்கரை ஆலை எழுந்தது. ஆலையில்லா ஊர் என்ற குறை நீங்கிற்று. சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்தும் சாராயம் எடுக்க இயன்றது. எரிசாராயத்தைப் பற்றிய இந்தியச் சட்டம் 1948-இல் வந்தது. அது 2000-இல் நீக்கப்பட்டது. ஆயினும் 2003-இல் ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2025-இல் அது நூற்றுக்கு 20 ஆயிற்று. இலுப்பைப் பூவில் கண்ட கனவு, கரும்பிலும் தானியத்திலும் பலித்தது எனலாம்.

எத்தனாலின் குணங்கள் இரண்டு பக்கமும் உண்டு. அஃது எஞ்சினுள் அகால வெடிப்பைத் தடுக்கும், ஆனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த சக்தியே தரும், ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் குழாய்களும் உறைகளும் இதற்கேற்பச் செய்யப்பட்டவை. அதற்கு முற்பட்ட வண்டியுடையோர் குழாய்களையும் பெட்ரோல் பில்ட்டரையும் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்; பல வாரம் ஓடாது நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலை விட்டுவைத்தலும் ஆகாது.

அகால வெடிப்பு என்றோம். அதன் ஓசையை டப்பெட் ஓசையென்று மயங்குவோர் பலர். அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் அதனை அடக்க ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கண்டார். 1923 முதல் அது பெட்ரோலில் விற்பனைக்கு வந்தது. ஓசை அடங்கிற்று, காற்றில் நஞ்சு ஏறிற்று. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. இவ்விரண்டு ஓசைகளையும் பிரித்தறிவது எளிது. பஞ்சாரா ஹில்ஸ் மேட்டில் பாரத்தோடு ஏறுகையில் கலகலவென்று கேட்டு, சமதளத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் எரிபொருளைச் சார்ந்தது. கைப்புத்தகம் சொல்லும் ஆக்டேன் எண்ணையும், தீப்பொறியின் நேரத்தையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் ஒழுங்கான தாளத்தில் தட்டினால் அது டப்பெட்டைச் சார்ந்தது. உயர்ந்த ரக பெட்ரோல் ஊற்றி டப்பெட் சத்தத்தை அடக்க இயலாது.

இவ்வரலாற்றிலிருந்து செய்முறை தானே பிறக்கிறது. காலையில் எஞ்சினைத் தொடங்கியவுடன் சில விநாடி தட்டிப் பின் அடங்கினால் கவலை வேண்டாம். இரவில் வடிந்த எண்ணெய் மீண்டும் நிரம்புகிறது என்பதே அதன் பொருள். அடங்காவிடில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரண்டினாலும் டப்பெட்டில் காற்றுப் புகும், காற்று அமுங்கும், ஓசை எழும். எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசினால், குறுகிய தூரமே ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கிறது எனக் கொள்ளலாம்.

அடுத்தபடி, உரிய எண்ணெயும் புது எண்ணெய் பில்ட்டரும் மாற்றிச் சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கசடு அடைத்த டப்பெட் பல வேளைகளில் இதனாலேயே தெளிந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கழுவும் பழக்கம் ஆகாது. பெயர்ந்த கசடு நுண்துளைகளை அடைக்கும். அதன் பின்னும் சத்தம் நின்றால், அளவி பொருத்தி எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைந்திருந்தால் குற்றம் பம்பிலோ பேரிங்கிலோ இருக்கும்; அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது. அழுத்தம் சரியாக இருந்தால் நீண்ட ஸ்க்ரூட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து எந்த டப்பெட் என்று கண்டுபிடிக்கலாம். புகைக்குழாய் இணைப்பின் கசிவும் இதே ஓசை தரும் என்பதை மறத்தலாகாது. எஞ்சினின் தலையைத் திறப்பது இத்தனைக்கும் பின்பே. கழற்றிய டப்பெட்டை அதனதன் இடத்திலேயே திரும்ப வைத்தல் வேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவற்றை மாற்றி வைத்தால் இரண்டும் கெடும்.

மொழி தெரியாத ஊரில் இதனைச் சொல்வது எப்படி என்ற தயக்கம் நம்மவர்க்கு இயல்பே. ‘டப்பெட்’ என்ற சொல் எங்கும் ஒன்றுதான். உருதுக்காரரிடம் ‘ஆவாஜ்’ என்றும், தெலுங்கரிடம் ‘சப்புடு’ என்றும் சேர்த்தால் போதும். ‘ஆயில் பிரஷர்’ பார்க்கச் சொன்னால் எல்லோர்க்கும் விளங்கும். சரியான கேள்வியைக் கேட்பவரிடம் நல்ல மெக்கானிக் மதிப்போடு பேசுவார். அல்லாதவர் அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்கத் துணியார்.

நோயின் முதலை ஆராய்ந்த பிறகே மருந்தைத் தேட வேண்டும் என்பது நம் முன்னோர் வைத்தியத்துக்கு வகுத்த நெறி. மோட்டார் எஞ்சினுக்கும் அந்நெறி பொருந்தும். நூறாண்டு முயற்சியால் மனிதன் டப்பெட்டின் பொறுப்பை எண்ணெயிடம் ஒப்படைத்தான். எண்ணெயின் பொறுப்பு வண்டியுடையவரிடம் இருக்கிறது. மாதம் ஒரு முறை அளவுகோலை இழுத்துப் பார்க்கச் செலவாவது ஐந்து நிமிஷம். அதனைத் தவறாது செய்பவர்க்கு எஞ்சினைப் பிரிக்கும் செலவு பெரும்பாலும் வருவதில்லை.